தோளை விட்டு இறங்காத பொன்னாடை

பூவாணிக்குளத்தில் ஆண்கள் தினம் கொண்டாட ஆரம்பித்தது பெண்கள் மேல் வந்த பொறாமையில்தான் என்று சொன்னால் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், நடந்தது அதுதான். மார்ச் மாதம் பிறந்தால் மகளிர் குழுக்காரிகள் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு கோலப் போட்டி என்ன, கும்மி என்ன, பாட்டுக்குப் பாட்டு என்ன என்று பஜாரையே இரண்டாக்கிக்கொண்டிருக்க, கடைக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆம்பளைகளுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிறு எரிந்தபடி கிடக்கையில், ஒரே வருஷத்தில் ஐம்பதைத் தொடாத மூன்று பேர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தர் எடைக்கல்லைக் கையில் பிடித்தபடி, ஒருத்தர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்காமலே, மூன்றாமவர் தையல்கடை ஐயம்பெருமாள் சர்க்கரை முற்றி ஒரு காலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, நாலு மாதம் படுத்துக் கிடந்து.

சங்கம் கூடியது. வருஷா வருஷம் நவம்பர் பத்தொன்பதாம் தேதி ஆண்கள் தினம், அன்றைக்கு ஆம்பளைகள் சமைத்து ஆம்பளைகளே சாப்பிடுவது, சாயங்காலம் வடம் இழுப்பது, முக்கியமாக முந்தின நாள் இலவச மருத்துவ முகாம் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் வருஷம் முகாமுக்கு வந்தது ஏழு பேர், அதில் ரெண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். ஊசிக்கா பயம் என்று கேட்டதற்கு, ஊசிக்கு யாருவே பயந்தா, அதுக்குப் பொறவு அந்த நர்சம்மா காகிதத்தைப் பாத்துட்டு நம்ம மூஞ்சியைப் பாக்கும் பாரும், அதுக்குத்தான் பயம் என்றார்கள்.

அடுத்த வருஷம் சங்கத்துச் செயலாளர் தவசிலிங்கம் ஒரு யோசனை சொன்னார். முகாமில் எல்லாம் சரியாக இருக்கிற ஒரே ஒரு ஆளுக்கு ‘ஆரோக்கிய ஆண்மகன்’ என்று பட்டம், மேடையில் பொன்னாடை, பஸ் ஸ்டாண்டில் ஒரு வருஷத்துக்கு ஆள் உயர பிளக்ஸ். பிளக்ஸில் முகம் வரும் என்றால் நம்ம ஆள் ரெண்டு குடம் ரத்தம் கொடுப்பானே! நூற்றுப் பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

இந்தத் தவசிலிங்கத்துக்குப் பந்தல், மேடை, நாற்காலி, ரேடியோ செட் வாடகைக்கு விடும் தொழில். ஊரில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் அவர் கொட்டகை நிழலில்தான் நடக்கும். ஐம்பத்திரண்டு வயசு, ஆறடி ஆள், மைக்கைக் கண்டால் விடமாட்டார். “வெக்கப்படாதீங்க அண்ணாச்சிமாரே, உடம்புக்கு ஒண்ணுன்னா வெளிய சொல்லுங்க” என்று பேசும்போது தன் பேச்சில் தானே மயங்கிக் கண் கலங்குவார். ஊருக்குத்தானே உபதேசம். மேடையில் போர்த்துகிற பொன்னாடையும் அவர் கடைச் சாமான்தான், சரிகைக் கரை போட்ட மஞ்சள் சால்வை, ஒன்றே ஒன்று. கூட்டம் முடிந்ததும் கடையில் பந்தல்கால் நடுகிற கொம்பையா போய்ப் பணிவாகக் கேட்டு வாங்கி, மடித்து, அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுவான். பதினாறு வருஷமாக எத்தனை தோள், ‘இவரைப் போல உண்டா’ என்று எத்தனை புளுகு கேட்டிருக்கும் அந்தச் சால்வை! அதுக்கும் ஒரு பொறுமை இருக்கும்தானே.

அப்படிப்பட்ட தவசிலிங்கத்துக்கு ஆவணியிலிருந்து தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தும் அடங்காத தாகம், மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு, அவர் ஒதுங்கிய சுவரோரமெல்லாம் எறும்பு. இடத்தை மாற்றினார், எறும்பும் மாற்றிக்கொண்டது. வலது காலில் பந்தல் ஆணி கீறிய புண் ரெண்டு மாதமாக ஆறவில்லை. அதை மறைக்க வேட்டிக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட ஆரம்பித்தார், ஊர் அதை ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டது. மனைவி ராசகனி மட்டும் தினமும் காலையில் அந்தச் சுவரோரம் ஒரு வாளி வெந்நீர் ஊற்றிவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போவாள். கேட்டிருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். அவள் கேட்காதது அவருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

ஏன் மறைத்தார் என்றால், ஐயம்பெருமாள் படுத்துக் கிடந்த நாளில் டீக்கடையில் ஒரு பேச்சு ஓடியது. சக்கரை வந்தவன் பொண்டாட்டிக்கு அண்ணன் முறைவே, என்று. அதைச் சொன்னவர் தவசிலிங்கம். சிரித்தது ஊர். ஐயம்பெருமாள் ஜன்னல் வழியாக அதைக் கேட்டார் என்று பிறகு தெரிந்தபோதும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தச் சிரிப்பு வட்டியும் முதலுமாகத் தன் பக்கம் திரும்பி நிற்பது போலிருந்தது. தனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும், ஆனால் வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது.

முகாம் அன்றைக்கு விடியற்காலை, ரத்தம் எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்க, பந்தலில் தவசிலிங்கமும் கொம்பையாவும் மட்டும். பெயர்ச் சீட்டு எழுதுகிற வேலை செயலாளருடையது.

“ஏ கொம்பையா, ஒரு காரியம் செய்யணும். நீ என் சீட்டைக் கொண்டுக்கிட்டுப் போ. நான் உன் சீட்டுல போறேன்.”

“ஏன் மொதலாளி?”

“கேக்காத. வெளிய மூச்சு விட்ராத, உன் பொண்டாட்டி மாடத்திக்கிட்டகூட.”

கொம்பையா முதலாளியின் ஷூவைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷம் கூடவே பந்தல் மரம் தூக்கியவனுக்கு நடையில் தெரியாதா என்ன.

“பேருதான மொதலாளி. வச்சுக்கிடுங்க. பொறவு தந்தாப் போதும்” என்று சிரித்தான்.

‘கொம்பையா’ என்று கூப்பிட்டபோது தவசிலிங்கத்துக்கு எழுந்திருக்க வரவில்லை. ரெண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு, “நான்தான்” என்று கையை நீட்டினார்.

மறுநாள் சாயங்காலம் மேடையில் முடிவு வாசித்தார்கள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, எல்லாம் இருபத்தஞ்சு வயசுப் பையன் அளவில் இருக்கிற ஒரே ஆள், நம்ம செயலாளர் தவசிலிங்கம்! வெடி போட்டார்கள். தவசிலிங்கத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சீட்டை மாற்றும்போது இந்தப் பட்டம் அவர் புத்தியில் படவே இல்லை, அவ்வளவு பயத்தில் இருந்திருக்கிறார். சங்கத் தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். மேடைக்குக் கீழே எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவன் கொம்பையா.

கூட்டம் கலைந்ததும் கொம்பையா வழக்கம்போல உறையோடு வந்து, “குடுங்க மொதலாளி, மடிச்சு வைக்கேன்” என்றான். தவசிலிங்கம் எடுத்தார், வரவில்லை. கொம்பையா இழுத்தான், தோளும் சேர்ந்து வந்தது. தேங்காய் எண்ணெய் தடவினார்கள், சீயக்காய்த் தண்ணீர் ஊற்றினார்கள். கத்தரி போட்டால் வெட்டுப்பட்டது, வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் வெட்டிய இடம் சேர்ந்துகொண்டது. உள்ளிருந்த சட்டை உருவிக்கொண்டு வந்தது, சால்வை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார்கள். வலிக்கவில்லை, கொஞ்சம் கனக்கிறது என்றார். சரி, காலையில் பார்ப்போம் என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

காலையிலும் இருந்தது, மறு வாரமும் இருந்தது. ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. வேறொரு தையற்காரர் முதுகில் முடிச்சுப் போடுகிற மாதிரி சட்டை தைத்துக் கொடுத்தார், சலூன்காரர் சால்வைக்கு மேலே துண்டு போட்டு முடி வெட்டினார். குளித்துவிட்டு அது காய்கிறவரைக்கும் மொட்டை மாடியில் வெயிலில் நிற்பார். அண்ணாச்சி காயுதாக, மணி ஒம்பதாச்சு என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள். மினி பஸ் கண்டக்டர் அவர் கடை வந்தால் ‘பொன்னாடையெல்லாம் இறங்கு’ என்று குரல் கொடுத்தார். உடம்பு உத்தமமான மனுஷன், அதுதான் மரியாதை அவரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது என்று ஊர் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது.

மார்கழி பிறந்ததும் பஜனைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் கடை முன்னால் நின்று சால்வை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். தொட்டால் பிரஷர் இறங்குகிறது என்று ஒருத்தர் சொல்ல, மூச்சு வாங்கல் நின்றது என்று இன்னொருத்தர் சொல்ல, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். தொப்பையும் துண்டுமாக ஆம்பளைகள் வரிசையில் நிற்பார்கள், நடுவில் தவசிலிங்கம் நாற்காலியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார், அவர் கால் ஷூவுக்குள் விண்விண் என்று தெறிக்கும். கும்பிட வந்தவர்களைப் போகச் சொல்ல வாய் வராது. ஒரு கும்பிடுக்கு ஒரு குன்றிமணி என்று சால்வை கனத்துக்கொண்டே போனது.

சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் ஒருநாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, உங்களால எனக்கு வேலை போயிரும் போல. செவ்வாய்க்கிழமை சோதனைக்கு ஒரு ஆம்பளை வரல. கேட்டா, நாங்க பொன்னாடையைத் தொட்டுட்டோம் சிஸ்டர்ங்காவ. நீங்களாவது சொல்லுங்க.”

“சொல்லுதேம்மா” என்றார் தவசிலிங்கம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

“உங்க கொம்பையாவையும் அனுப்புங்க. ஒரு தடவை திருப்பிப் பாக்கணும்னு நானும் நடையா நடக்கேன். ஆளு ஆப்பிடமாட்டேங்கான்.”

கொம்பையா எப்படி ஆப்பிடுவான்? திருப்பிப் பார்த்தால் முதலாளி மானம் போய்விடுமே. அவள் வருகிற அன்றைக்கெல்லாம் அசலூரில் பந்தல் வேலை என்று தலைமறைவானான். முகாமில் ‘கொம்பையா’ ரத்தத்தில் சர்க்கரை முன்னூற்று எண்பது, நூற்றுப் பதினாறு பேரில் அதுதான் கூடுதல். டாக்டர் எழுதிய மாத்திரையை மாடத்தி தவறாமல் வாங்கி வந்தாள். சோற்றை நிறுத்தினாள், ஒரு கை கேப்பைக்களி மட்டும், விடிந்தால் பாகற்காய்ச் சாறு. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் நீட்டுகிற மாத்திரையைக் கொம்பையா நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு, தெருமுனையில் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டுவருவான்.

“இந்தாங்க மொதலாளி, இன்னைக்கு உள்ளது. லேசா ஈரமா இருக்கும், பாத்துக்கிடுங்க.”

அந்த ஈர மாத்திரையைத் தவசிலிங்கம் வாங்கி விழுங்குவார். ஒரு நாளில்லை, ரெண்டு நாளில்லை, ஐம்பது நாள். “எத்தனை நாளைக்குல இப்படி” என்று ஒருதரம் கேட்டார். “நீங்க சொல்லுத அன்னைக்கு வரைக்கும்” என்றான் கொம்பையா, வேலை நேரம் சொல்கிற மாதிரி. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று தவசிலிங்கம் தினமும் நினைத்தார். காலையில் கடையைத் திறந்தால் வரிசை நிற்கும்.

தை பிறந்தது. முதல் முகூர்த்தம், அரிசி மில்க்காரர் வீட்டுக் கல்யாணம். வாசலில் பந்தல், நடுவில் நாற்காலி போட்டுப் பொன்னாடைத் தவசிலிங்கம், அவர் வந்து உட்கார்ந்தால் கல்யாணத்துக்கு மங்களம் என்று ஆகியிருந்தது. தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அவிழ்ந்த தொங்கு துணியைக் கட்ட ஏணியில் ஏறிய கொம்பையா நாலாவது படியில் நின்றான், கையை நீட்டினான், அப்படியே வழுக்கிக் கீழே வந்தான். பெரிய அடி இல்லை. ஆனால் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை கால் வெடவெடவென்று ஆடி, கண் மேலே போய்விட்டது. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. காய்கறி நறுக்க வந்திருந்த மாடத்தி அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பந்தியிலிருந்து யாரோ ஒரு தம்ளர் பாயசத்தைக் கொண்டுவந்து அவன் வாயருகே வைக்க, அவள் ஓங்கித் தட்டிவிட்டாள்.

“அவுகளுக்குச் சக்கரைய்யா! முன்னூத்தி எம்பது! கொன்னுராதீங்க! காலையில மாத்திரையை நானே வாயில போட்டு, நாக்கைத் தூக்கிப் பாத்துத்தானே அனுப்புனேன், ரெண்டு நாளா அப்படித்தான செய்தேன், அப்பிடியும் ஏறிட்டே, நான் என்ன செய்வேன்!”

நாலு எட்டு தள்ளி நாற்காலியில் தவசிலிங்கம். அவருக்கு மட்டும் தெரியும், ஏறியது இல்லை, இறங்கிப் போனது என்று. நல்ல உடம்புக்காரன் ரெண்டு நாளாகச் சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருக்கிறான், வயிற்றில் ஒரு கைக் களி. அந்தப் பாயசம்தான் மருந்து. எழுந்து சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், இவன் இப்படியே போய்விட்டால் யாருக்கும் தெரியாதே என்று அவர் நினைத்தார். நினைத்தது தான்தானா என்று அடுத்த மூச்சில் அவருக்கே குலை நடுங்கியது. நாற்காலி பின்னால் சரிய எழுந்தார்.

“மாடத்தி, பாயசத்தைக் குடு! அவனுக்குச் சக்கரை இல்ல. எனக்குத்தான் இருக்கு. சீட்டை மாத்திட்டேன். அது என் ரத்தம்.”

அரிசி மில்க்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

“பாருங்கய்யா, வேலைக்காரன் மேல உள்ள பாசத்துல அண்ணாச்சி அவன் நோயைத் தன் மேல போட்டுக்கிடுதாக. இந்த மனுசனுக்கு ஏன் பொன்னாடை இறங்கும்?”

நாலு பேர் அங்கேயே சால்வையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மாடத்தி, “நீங்க கும்பிட்டுக்கிட்டு நில்லுங்க, எம் புருசன் போறான்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சால்வை அன்றைக்கு மூட்டை நெல்லுக் கனம் கனத்தது.

தவசிலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வலது ஷூவின் கயிற்றைப் பிய்த்தார், கழற்றினார், அதற்குள் சுற்றியிருந்த துணியை உரித்தார். வாடை முதலில் வந்தது. கும்பிட்டவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். பந்தியில் இருந்தவர்கள் இலையை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பெருவிரல் கறுத்து, பாதம் வீங்கி, நடுவில் ஒரு குழி. ஐயம்பெருமாளின் காலை அந்த ஊரே பார்த்திருக்கிறது, யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ராசகனி நின்றாள். அவள் மட்டும் காலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

மாடத்தி அடுத்த தம்ளரைத் தானே போய் எடுத்து வந்தாள். புருஷன் தலையை மடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் தடவினாள், முணுமுணுத்த வாய் சப்பிக்கொள்ள ஆரம்பித்ததும் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ரெண்டாவது தம்ளரில் நடுக்கம் நின்றது. கொம்பையா கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த முதலாளியைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

“மொதலாளி… ரெண்டு நாளா மாத்திரை கொண்டார முடியல. அவ நாக்கைத் தூக்கிப் பாக்கா. நீங்க ரெண்டு நாளா ஒண்ணும் போடாம… கோவிச்சுக்கிடாதிய.”

கேட்காதவர்கள் யாருமில்லை. நாயனக்காரர்கூட வாசிப்பை நிறுத்தியிருந்தார். ஐயம்பெருமாள் ஜன்னலுக்குள் எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் தவசிலிங்கத்துக்கு விளங்கியது.

மாடத்தி ஒன்றும் திட்டவில்லை. புருஷன் மோவாயில் வழிந்த பாயசத்தைத் துடைக்கத் துணி தேடினாள், முந்தானை நனைந்திருந்தது, கைக்கு எட்டிய மஞ்சள் சால்வையைப் பிடித்து இழுத்தாள். அது வந்துவிட்டது. நூல் பிரிகிற சத்தம்கூட இல்லை. அதை வைத்து வாயைத் துடைத்தாள், கழுத்து வேர்வையைத் துடைத்தாள், கொட்டிக் கிடந்த முதல் தம்ளர் பாயசத்தையும் துடைத்தாள். அது இறங்கியதை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் வேறெங்கேயாவது பார்க்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நாலாக மடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இந்தாங்க. உங்க கடைச் சாமான்.”

தவசிலிங்கம் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ராசகனி வந்து, “எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்” என்று கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் புண்ணுமாக பஜார் வழியே நடந்தார். கடைக்காரர்கள் எழுந்து நிற்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சுகாதார நிலையத்தில் வரிசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தவசிலிங்கம், அவருக்குப் பின்னால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அரிசி மில்க்காரர், கொஞ்சம் தள்ளி மினி பஸ் கண்டக்டர், அப்புறம் கொம்பையா. எஸ்தர் சீட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் பேனாவைத் திறந்தாள்.

“பேரு?”

தெரிந்தவள்தான், இருந்தும் கேட்டாள். பெயரை அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

“தவசிலிங்கம்.”

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னார்.